இன்ஹேலருக்கு அடங்காத இழுப்பு: மூச்சுக்குழாய்ப் புற்றுநோயின் நீளமான கணக்கு

மாம்பலம் ரயில்வே ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறும்போதுதான் அந்தச் சத்தத்தை முதலில் கவனித்தேன். 2013 மார்கழி. சித்தி இரண்டு பைகளோடு எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். பாதிப் படியில் நின்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் தொண்டைக்குக் கீழேயிருந்து கரகரவென்று ஓர் ஒலி, அடைத்த குழாயில் காற்று புகுகிற மாதிரி. "பனி ஒத்துக்கலடா, வீசிங்தான். ஸ்ப்ரே அடிச்சா சரியாயிடும்" என்றார். ஸ்ப்ரே அடித்தார். சரியாகவில்லை.

அவருக்கு அப்போது 46 வயது. அவரும் புகைத்ததில்லை, வீட்டிலும் யாரும் புகைப்பதில்லை. அந்த வீசிங்குக்காக ஒன்றரை வருடமாக மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். அது ஆஸ்துமாவே இல்லை, மூச்சுக்குழாயின் உள்சுவரில் வளர்ந்த கட்டி என்று தெரிய வந்தது 2014 மாசியில். பயாப்ஸி ரிப்போர்ட்டில் இருந்த பெயர் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்ட கேள்விகள் இரண்டுதான்: எந்த ஸ்டேஜ்? எத்தனை வருடம்? இந்த நோயைப் பொறுத்தவரை இரண்டுக்குமே வழக்கமான பதில் கிடையாது. ஏன் கிடையாது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல மாதங்கள் பிடித்தன.

மூச்சுக்குழாய் என்பது குரல்வளைக்குக் கீழே தொடங்கி, நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கி, இரண்டு நுரையீரலுக்குமாகப் பிரியும் இடம் வரை உள்ள ஒற்றைக் குழாய். பெரியவர்களுக்கு 10 முதல் 12 செ.மீ. நீளம், அரைச் சாண்தான். உள்விட்டம் ஏறக்குறைய 2 செ.மீ. முன்னாலும் பக்கவாட்டிலும் லாடம் மாதிரி வளைந்த 18 முதல் 22 குருத்தெலும்புகள் அதைச் சுருங்காமல் விரித்து வைத்திருக்கின்றன. பின்பக்கம் எலும்பு இல்லை, மெல்லிய தசை மட்டும். அதை ஒட்டினாற்போல உணவுக்குழாய். நுரையீரல் இரண்டு, சிறுநீரகம் இரண்டு. மூச்சுக்குழாய் மட்டும் ஒன்றே ஒன்று. இந்த நோயின் சிக்கல் எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்தக் குழாயிலேயே புற்றுநோய் உருவாவது மிக அரிது. மேலைநாட்டுப் பதிவேடுகளின்படி வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வருகிறது. அதே விகிதம் இங்கும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 2011 கணக்கெடுப்பின்படி 7.2 கோடிப் பேர் உள்ள தமிழ்நாட்டில் வருடத்துக்கு எழுபது பேர் சொச்சம். பதிவேடுகளின் அட்டவணையிலும் இது தனியாகக் கண்ணில் படாது. நோய்க் குறியீட்டில் மூச்சுக்குழாய்க்கு சி33, நுரையீரலுக்கு சி34 என்று தனித்தனி எண்கள் இருந்தாலும், அறிக்கைகளில் வழக்கமாக இரண்டையும் சேர்த்து ஒரே வரியில் போட்டுவிடுவார்கள். நுரையீரல் புற்றுநோயின் பெரிய எண்ணிக்கைக்குள் இது கரைந்துபோகிறது. தெருமுனை கிளினிக்கில் தினமும் நாற்பது இருமல்காரர்களைப் பார்க்கும் மருத்துவர், முப்பது வருடத்தில் ஒரு மூச்சுக்குழாய்ப் புற்றுநோயாளியைக்கூடப் பார்க்காமல் ஓய்வுபெறலாம். சித்தியின் விஷயத்தில் ஒன்றரை வருடம் வீணானதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆனாலும் இந்த எண்ணிக்கையைத் தெரிந்துகொண்ட பிறகு, அந்த மருத்துவர்மேல் இருந்த கோபம் பாதியாகக் குறைந்தது.

இந்த இடத்தில் வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இரண்டே வகை. ஒன்று ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. புகைபிடிப்பவர்களுக்கு, அதிலும் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு அதிகம் வருவது, வேகமாக வளரும், குழாயின் உள்தோலைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும். சளியில் ரத்தத்தைப் பார்த்ததும் ஆள் பதறி ஓடுவார், அதனால் ஓரளவு சீக்கிரம் பிடிபடும். இன்னொன்று சித்திக்கு வந்தது. புகைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆண், பெண் வித்தியாசம் பெரிதாக இல்லை. நாற்பது, ஐம்பது வயதில் அதிகம் தென்படும். இன்னும் இளையவர்களுக்கும் வந்திருக்கிறது.

மெதுவாக நடக்கிற நோய்

நம் வாயில் எச்சில் சுரக்கச் சின்னச் சின்னச் சுரப்பிகள் இருப்பதுபோல, மூச்சுக்குழாயின் உள்தோலுக்குக் கீழேயும் சளி சுரக்கும் நுண்ணிய சுரப்பிகள் உண்டு. அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா தொடங்குவது அங்கேதான். எச்சில் சுரப்பிகளில் வரும் இதே பெயருள்ள புற்றுநோயும் இதுவும் ஒரே குடும்பம். நுண்ணோக்கியில் பார்த்தால் செல் கூட்டங்களுக்கு நடுவே வட்ட வட்டமாக ஓட்டைகள், ஜல்லிக்கரண்டி மாதிரி. ஓட்டை இல்லாமல் செல்கள் கெட்டியாக அடைந்திருக்கும் வடிவமும் உண்டு. அது கொஞ்சம் முரடு, விளைவும் மோசம். இந்தப் புற்றுநோய்களில் பலவற்றில் எம்ஒய்பி, என்எஃப்ஐபி என்ற இரண்டு மரபணுக்கள் அறுந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதை 2009-இல் கண்டுபிடித்தார்கள். புகையோ வேறெந்தப் பழக்கமோ காரணமில்லை, செல் பிரியும்போது நேர்ந்த விபத்து என்று சித்திக்குச் சொல்ல எனக்கு அந்த ஒரு தகவல் உதவியது. "நான் என்னடா தப்பு பண்ணேன்?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இது மெதுவாக வளரும். வருடக்கணக்கில் வளரும். ஆனால் வெளியே தெரிகிற கட்டி இதன் முழு அளவு இல்லை. உள்தோலுக்கு அடியிலேயே, நரம்புகளின் உறையைப் பிடித்துக்கொண்டு, மேலும் கீழும் ஊர்ந்து போகும். புல்லை மேலாக வெட்டினால் மண்ணுக்குள் வேர் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று தெரியாது இல்லையா, அப்படி. ஸ்கேனில் 3 செ.மீ. என்று தெரிவது, வெட்டிப் பார்க்கும்போது அதற்கு அப்பாலும் இருக்கும். நிணநீர்க் கணுக்களுக்குப் போவது குறைவு. வேறு உறுப்புக்குப் பரவினால் அது பெரும்பாலும் நுரையீரல்தான், அதுவும் பல வருடம் கழித்து.

ஏன் ஆஸ்துமா போல இருக்கிறது

குழாயின் விட்டம் பாதியானால், காற்று போவதற்கான தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, குறைந்தது பதினாறு மடங்காகிறது. அப்படியிருந்தும் உட்கார்ந்திருக்கும்போது நமக்குத் தேவைப்படும் காற்று மிகக் குறைவு என்பதால் எதுவும் தெரியாது. வழி 8 மி.மீ.க்குக் கீழே குறுகிய பிறகுதான் படியேறும்போது மூச்சு வாங்கும். 5 மி.மீ.க்குக் கீழே போனால் சும்மா இருக்கும்போதே திணறும். அதாவது, முதல் அறிகுறி தெரியும்போதே குழாயின் பெரும்பகுதி அடைந்துபோயிருக்கும்.

அந்தச் சத்தத்தில்தான் துப்பு இருக்கிறது. ஆஸ்துமாவில் அடைப்பு நுரையீரலுக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான சின்னக் குழாய்களில். அதனால் மூச்சை வெளியே விடும்போது, மார்பு முழுக்க, பல சுருதியில் விசில் கேட்கும். இன்றைக்கு அதிகம், நாளைக்குக் குறைவு, விடிகாலையில் மோசம் என்று மாறிக்கொண்டே இருக்கும். இன்ஹேலர் அடித்தால் அடங்கும். மூச்சுக்குழாயில் கட்டி என்றால் அடைப்பு ஒரே இடம். சத்தமும் ஒரே சுருதி. கழுத்துப் பக்கம் இருந்தால் மூச்சை இழுக்கும்போது கேட்கும், நெஞ்சுக்குள் இருந்தால் விடும்போது கேட்கலாம், நன்றாக அடைத்துவிட்டால் இரண்டிலும் கேட்கும். நாளுக்கு நாள் ஏறுமே தவிர இறங்காது. சிலருக்குப் படுக்கும் வாக்கில் மாறும். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் கட்டியைச் சுற்றியுள்ள வீக்கம் கொஞ்சம் வடிந்து, சில நாள் நன்றாக இருக்கும். "பாருங்க, மருந்து கேக்குது" என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். சித்தி வீட்டில் இது மூன்று முறை நடந்தது.

மார்பு எக்ஸ்ரே அநேகமாக நார்மல் என்றே வரும். பார்க்கிறவர் கண் நேராக நுரையீரலுக்குப் போகும். நடுவில் எலும்புகளின் நிழலோடு நிழலாக இருக்கும் மூச்சுக்குழாயை யாரும் தேடுவதில்லை. குழாயில் வேகமாக ஊதச் சொல்லிப் பார்க்கும் சோதனையில் எண்ணை மட்டும் பார்த்தால் அதுவும் ஆஸ்துமா மாதிரியே தெரியும். ஆனால் அதோடு வரும் வளைகோட்டுப் படத்தைப் பார்க்க வேண்டும். கூம்பு போல ஏறி இறங்க வேண்டிய கோடு, பெரிய குழாயில் அடைப்பு இருந்தால் உச்சி வெட்டப்பட்டதுபோலத் தட்டையாக, பெட்டி மாதிரி நிற்கும். சித்தியைக் கடைசியாகப் பார்த்த நுரையீரல் மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைப்பதற்கு முன்னால் கழுத்தில் வைத்துக் கேட்டார். "ஏம்மா, இந்தச் சத்தம் மூச்ச இழுக்கும்போதா, விடும்போதா?" என்று கேட்டு, பழைய ஊதல் சோதனைத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே சிடி எடுக்கச் சொன்னார். தட்டையான அந்தக் கோடு பத்து மாதமாக எங்கள் ஃபைலிலேயே இருந்திருக்கிறது.

ஆகவே, நாற்பது வயதுக்கு மேல் புதிதாக வந்த வீசிங், இன்ஹேலரைச் சரியாக எடுத்தும் இரண்டு மூன்று மாதத்தில் அடங்கவில்லை, படிப்படியாகக் கூடுகிறது என்றால், கழுத்தும் நெஞ்சும் சேர்ந்த சிடி ஸ்கேன் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பெரும்பாலானோருக்கு அது ஆஸ்துமாவாகவே இருக்கும். இருக்கட்டும், கேட்பதில் நஷ்டமில்லை. ஸ்கேனில் கட்டி தெரிந்தால் அடுத்தது பிராங்கோஸ்கோப், அதாவது மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது. ரொம்பவும் அடைத்திருந்தால் மயக்கம் கொடுத்து, வளையாத உலோகக் குழாய் வழியாகக் கட்டியைக் கொஞ்சம் குடைந்தெடுத்து முதலில் மூச்சுக்கு வழி செய்வார்கள். "கழுத்துல ஓட்டை போட்டுடுங்களேன்" என்று உறவினர்கள் அவசரப்படுவது உண்டு. கட்டி அந்த ஓட்டைக்குக் கீழே இருந்தால் பயனில்லை. பிறகு வெட்டி இணைக்க வேண்டிய நல்ல பகுதியையும் அது கெடுத்துவிடலாம்.

வெட்டி, இழுத்து, தைப்பது

குணமாக்கும் முதல் வழி அறுவைதான். கட்டி உள்ள பகுதியை அப்படியே வளையங்களோடு வெட்டி எடுத்துவிட்டு, மேல் முனையையும் கீழ் முனையையும் இழுத்துச் சேர்த்துத் தைப்பார்கள். ஆனால் குழாயே அரைச் சாண். பெரியவர்களுக்குச் சுமார் பாதி நீளம், 5 செ.மீ. அல்லது கொஞ்சம் கூட, எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் இரண்டு முனையும் சேராது. சேர்ந்தாலும் இழுவை தாங்காமல் தையல் விட்டுப்போகும். மூச்சுக்குழாய்க்கு ரத்தம் பக்கவாட்டிலிருந்து துண்டு துண்டாக வரும் நுண்ணிய நாளங்கள் வழியாக வருவதால், அதை ரொம்பவும் உரித்தெடுக்கவும் முடியாது. குழாய் திறந்திருக்கும் நேரத்தில், மயக்க மருந்து நிபுணர் வெட்டப்பட்ட கீழ் முனைக்குள் நேராக இன்னொரு குழாயைச் செருகி அதன் வழியாக மூச்சு கொடுத்துக்கொண்டிருப்பார். பாஸ்டன் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையின் ஹெர்மிஸ் கிரில்லோ இந்த அறுவையை முறைப்படுத்தியவர்களில் முதன்மையானவர்.

சித்திக்கு 4 செ.மீ. எடுத்தார்கள். அறுவை முடிந்து பார்க்கப் போனபோது, தாடைக்குக் கீழே இருந்து நெஞ்சுத் தோலுக்குத் தடித்த நூலால் ஒரு தையல் போட்டிருந்தது. தலையைப் பின்னால் சாய்த்துவிட்டால் உள்ளே தையல் இழுபடும். அதைத் தடுக்கத்தான் அந்த நூல். ஏழு நாள் தலை குனிந்தபடியே இருந்தார். பேசக் கூடாது என்பதால் என் மகளின் சிலேட்டை எடுத்துப்போய்க் கொடுத்தோம். முதலில் எழுதியது "ஃபேன்". அடுத்து எழுதியது "சத்தம் இல்ல". மூச்சில் சத்தம் இல்லை என்று சொல்கிறார் என்பது புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது.

வெட்டிய துண்டின் மேல் விளிம்பில் புற்றுநோய்ச் செல் இல்லை. கீழ் விளிம்பில், நுண்ணோக்கியில் மட்டும் தெரிகிற அளவுக்கு, இருந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் புற்றுநோய் அறுவையின் பொது விதி. இங்கே அந்த விதி வளைந்துகொடுக்கிறது. இன்னும் ஒரு செ.மீ. வெட்டி விளிம்பைச் சுத்தமாக்கப் போய், தையல் விட்டு உயிரே போவதைவிட, நுண்ணிய மிச்சத்தை விட்டுவிட்டுக் கதிர்வீச்சு கொடுப்பது மேல். இது மெதுவான நோய் என்பதால்தான் அந்தச் சமரசம் செல்லுபடியாகிறது. ஸ்குவாமஸில் அவ்வளவு இடம் கிடைக்காது.

கதிர்வீச்சு வாரத்தில் ஐந்து நாள், ஆறு ஏழு வாரம். முதுகுத்தண்டும் உணவுக்குழாயும் பக்கத்திலேயே இருப்பதால் அளவைக் கூட்ட முடியாமல் தவிப்பார்கள். குறிப்பிட்ட ஆழத்தில் நின்றுவிடும் புரோட்டான் கதிர் அந்த இடத்தில் உதவக்கூடும். அதற்கான இந்தியாவின் முதல் மையம் 2019-இல் இங்கே தரமணியில்தான் தொடங்கியது. சித்தி காலத்தில் அது இல்லை. கீமோதெரபிக்கு இந்த நோய் பெரிதாக மசிவதில்லை. பரவிய பிறகு லென்வாடினிப் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கட்டியைக் கட்டிவைக்கின்றன, கரைப்பது குறைவு.

எத்தனை வருடம்?

முதலில் ஸ்டேஜ் விஷயம். மார்பகம், நுரையீரல், குடல் என்று மற்ற புற்றுநோய்களுக்கு இருப்பதுபோல எல்லோரும் ஒப்புக்கொண்ட ஸ்டேஜ் அட்டவணை மூச்சுக்குழாய்க்கு இல்லை. ஆட்கள் அவ்வளவு குறைவு. மருத்துவர் பார்ப்பது வேறு: வெட்டி இணைக்க முடியுமா, விளிம்பு எப்படி, எங்காவது பரவியிருக்கிறதா, செல்லின் வடிவம் என்ன. இவற்றில் முதல் கேள்விக்குத்தான் எடை அதிகம்.

எண்களைப் பார்ப்போம். பாஸ்டன் மருத்துவமனை 1962 முதல் 2002 வரை தான் பார்த்த 270 மூச்சுக்குழாய்ப் புற்றுநோயாளிகளின் கணக்கை 2004-இல் வெளியிட்டது. அமெரிக்கா முழுவதிலிருந்தும் ஆட்கள் தேடிவந்த இடத்திலேயே 40 வருடத்துக்கு 270 பேர்தான். சரிபாதி அடினாய்டு சிஸ்டிக், சரிபாதி ஸ்குவாமஸ். அறுவை செய்ய முடிந்த அடினாய்டு சிஸ்டிக் நோயாளிகளில் 5 வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 52 சதவீதம், 10 வருடம் கழித்து 29. அறுவை செய்ய முடியாதவர்களில் 33, 10. ஸ்குவாமஸில் அறுவை முடிந்தவர்கள் 39, 18, முடியாதவர்கள் 7.3, 4.9. பிரான்சில் பல மையங்கள் சேர்ந்து, அறுவை செய்துகொண்ட 208 பேரைப் பற்றி 1996-இல் வெளியிட்ட கணக்கில் அடினாய்டு சிஸ்டிக்குக்கு 5 வருடத்தில் 73 சதவீதம், 10 வருடத்தில் 57.

ஒரே நோய்க்கு 52-ம் 73-ம் எப்படி? யாரை அறுவைக்கு எடுத்துக்கொண்டார்கள், எந்தக் காலத்தில் செய்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். பாஸ்டனில் அறுவையை ஒட்டி இறந்தவர்கள் மொத்தத்தில் 7.3 சதவீதம்; ஆனால் தொடக்க காலத்தில் 21 சதவீதமாக இருந்தது கடைசிப் பத்து வருடத்தில் 3 ஆகக் குறைந்திருந்தது. அந்த 40 வருடச் சராசரியை இன்று கத்திக்குப் போகிற ஒருவர்மேல் அப்படியே சுமத்த முடியாது. இரண்டாவது, இவை எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த இறப்புகள் சேர்ந்த கணக்கு. பத்து வருடத்தில் மாரடைப்பில் போனவரும் இதில் இருப்பார்.

நான் அதிகம் யோசித்தது வேறு ஒன்றைப் பற்றி. அறுவையே முடியாது என்று சொல்லப்பட்டவர்களில் மூன்றில் ஒருவர் ஐந்து வருடம் கழித்தும் இருக்கிறார். ஸ்குவாமஸில் அதே நிலையில் பதினான்கு பேரில் ஒருவர். நோயின் சுபாவம் எவ்வளவு வேறு என்பது இந்த ஒப்பீட்டில் தெரிகிறது. அதே சமயம், இரண்டு பட்டியலிலும் ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் எண் இறங்கிக்கொண்டே இருக்கிறது. பல புற்றுநோய்களில் ஐந்து வருடம் தாண்டினால் இனிப்பு கொடுத்துக் கொண்டாடலாம். இங்கே பத்து, பதினைந்து வருடம் கழித்தும் அதே இடத்திலோ நுரையீரலிலோ திரும்ப வரும். நுரையீரலுக்கு வந்த பிறகும் பல வருடம் நடமாடிக்கொண்டு, வேலை பார்த்துக்கொண்டு வாழ்கிறவர்கள் உண்டு. ஆக, ஐந்து வருடக் கோலை வைத்து இதை அளந்தால் இரண்டு பக்கமும் தப்பாகும்: ஆரம்பத்தில் தேவையில்லாமல் கலங்குவோம், அப்புறம் தேவைப்படும்போது அசந்துவிடுவோம். இதற்கு ஆயுள் முழுக்க கண்காணிப்பு வேண்டும்.

புதுக் குழாய் பொருத்த முடியாதா என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. 2011-இல் ஸ்டாக்ஹோமில் பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை மருத்துவர், நோயாளியின் ஸ்டெம் செல் பூசிய பிளாஸ்டிக் மூச்சுக்குழாயைப் பொருத்தி உலகச் செய்தியானார். அப்படிப்பட்ட பிளாஸ்டிக் குழாய்களைப் பெற்ற நோயாளிகளில் பெரும்பாலோர் கடும் துன்பப்பட்டு இறந்தார்கள். 2023-இல் ஸ்வீடன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. பழைய செய்தி இன்னும் வாட்ஸ்அப்பில் வருகிறது. தயவுசெய்து அதை நம்பி அலைய வேண்டாம். 2021-இல் நியூயார்க்கில் இறந்தவரின் மூச்சுக்குழாயை ரத்த நாளங்களோடு சேர்த்து ஒருவருக்குப் பொருத்தினார்கள். ஆனால் அவர் புற்றுநோயாளி இல்லை. உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளை எடுக்க வேண்டியிருப்பதால் புற்றுநோயாளிக்கு அந்த வழி எளிதில் பொருந்தாது.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே மருத்துவமனைக்குப் பஞ்சமில்லை. 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையம், சென்ட்ரல் எதிரே அரசுப் பொது மருத்துவமனை, நெஞ்சக நோய்களுக்கென்றே தாம்பரம் சானடோரியம், அப்புறம் பெரிய தனியார் மருத்துவமனைகள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை வழி இருக்கிறது. ஆனால் இந்த அறுவையைப் பொறுத்தவரை மருத்துவமனையின் பெயரைவிட, "மூச்சுக்குழாயை வெட்டி இணைக்கும் அறுவை நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்?" என்ற கேள்வி முக்கியம். நேராகக் கேட்கலாம். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். முடியாது என்று ஓரிடத்தில் சொன்னால், இதைச் செய்து பழகிய இன்னொருவரிடம் ஸ்கேனைக் காட்டாமல் அதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சித்திக்கு வருடா வருடம் பொங்கல் கழிந்ததும் சிடி எடுப்போம். 2023 ஸ்கேனில் வலது நுரையீரலில் இரண்டு புள்ளிகள், பெரியது 4 மி.மீ. மறு வருடம் அது 5 மி.மீ. மருத்துவர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு இதுக்கு எதுவும் செய்ய வேண்டாம்மா, பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றார். சித்தி சரி என்று தலையாட்டிவிட்டு, அடுத்த ஸ்கேனுக்குத் தை மாசம் எந்தத் தேதி என்று கேட்டு டைரியில் குறித்துக்கொண்டார். திரும்பும்போது மாம்பலத்தில் இறங்கினோம். மேம்பாலப் படியில் அவர் எனக்கு முன்னால் ஏறினார். நான் ஒரு படி பின்னால், காதைக் கூர்மையாக்கிக்கொண்டு ஏறினேன்.